வாசலைத் தாண்டாத கார்

காரை வாங்கியது என் அண்ணன். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. கரும்பச்சை நிறம். என்ஜின் இருக்கும் முன்பாகம் மட்டுமே ஒரு கட்டில் நீளம் இருக்கும். துணிக்கூரை, ஏறும்போது மிதிக்கப் பலகை, இரண்டு பித்தளை விளக்கு, அமுக்கினால் எருமைக்கன்று மாதிரி கத்தும் ரப்பர் ஹாரன். பரமத்திக்கும் காவிரிக்கரை வேலூருக்கும் நடுவில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் வைத்துப் பிழைக்கிற நமக்குக் கார் எதற்கு என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. ஆசை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வெற்றிலைக் கட்டுகளை நாமக்கல்லுக்குக் கொண்டுபோக வசதி என்று அண்ணன் சொன்னார். ஒரு நாளும் அதில் ஒரு கட்டு ஏறவில்லை.

அண்ணனுக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவர்தான் எனக்கு அப்பா. வீட்டில் அவர் எதிரில் நான் உட்கார்ந்தது கிடையாது. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் என் இலை விழும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிவிட்டுப் போவேன். ஆனால் காரில் நின்றுகொண்டா போக முடியும்? பக்கத்தில் உட்காரத்தான் வேண்டும். முதல் நாள் நான் தயங்கி மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து, "விழுந்து தொலையாத, உள்ள வந்து குக்குடா" என்றார். அன்றைக்குத்தான் அவர் தோளும் என் தோளும் உரசின. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

வீட்டில் வாயே திறக்காத மனிதர் காரில் ஏறினால் ஓயாமல் பேசுவார். கொடிக்காலில் வாடல் நோய் வந்த கதை, சின்ன வயதில் காவிரியில் மூழ்கப்போன கதை, தனக்குப் படிப்பு ஏறாத கதை. ஓட்டவும் எனக்கு அவரே கற்றுக்கொடுத்தார். வீட்டுக்குள் நுழைந்து என்ஜினை நிறுத்தியதும் பழையபடி முகத்தை இறுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விடுவார். ஆகவே எனக்கு அந்தக் கார் வெறும் கார் இல்லை. அண்ணன் எனக்குக் கிடைத்த ஒரே இடம் அது. இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்த காரியத்துக்கு ஒரு சமாதானம் வேண்டியிருக்கிறது. சமாதானம் போதாது என்று எனக்கே தெரியும்.

மூன்றாம் வருடம் சித்திரை வெயிலில் அண்ணன் தனியாக நாமக்கல் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். வழியில் ஒரு புளியமரத்தடியில் காரை ஓரம் கட்டியிருக்கிறார். நெஞ்சு வலித்திருக்க வேண்டும். ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாட்டுவண்டிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "பண்ணாடி அசந்து தூங்கறாருன்னு நெனச்சோமுங்க" என்று பிறகு வந்து அழுதார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது காரில் ஒரு கீறல் கூட இல்லை. அண்ணனைப் பின் இருக்கையில் கிடத்தி, நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதுதான் நான் அந்தக் காரைச் சாலையில் ஓட்டிய கடைசித் தடவை.

டாக்டர் இருதயம் என்றார். ஊர் காரைத்தான் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? உயிரைக் குடித்த வண்டி, இன்னொரு உயிரையும் கேட்கும் என்று துக்கத்துக்கு வந்தவர்களே சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்று சொல்லுவோம். என் நங்கை அதிகம் பேசாதவர். அவருக்கும் அண்ணனுக்கும் ஒரே பெண் குழந்தை, அப்போது ஐந்து வயது. காரைப் பார்க்கும்போதெல்லாம் நங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவார். குழந்தை மட்டும் யாருக்கும் தெரியாமல் ஏறி உட்கார்ந்து, வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு மாதம் கழித்துத் திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர் காரைக் கேட்டு வந்தார். பின்பக்கத்தை அறுத்து எடுத்துவிட்டு, பலகை அடித்து, பத்துப் பேர் உட்காருகிற சின்ன பஸ் கட்டுவாராம். "நல்ல கட்டுமானமுங்க, அறுக்கறதுதான் செரமம்" என்று அவர் அண்ணன் உட்கார்ந்த இருக்கையைத் தட்டிக் காட்டினார். அம்மாவுக்கோ தொலைந்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் அம்மன் உத்தரவில்லாமல் எங்கள் வீட்டில் ஒரு கிணறு வெட்டியதில்லை, ஒரு பெண்ணைக் கொடுத்ததில்லை. "எதுக்கும் ஒரு பூக் கேட்டுப் போடலாஞ் சாமி" என்றாள்.

பூக் கேட்பது தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே அளவாக மடித்து நாரால் கட்டி, அம்மன் முன்னால் தட்டில் போட்டுக் குலுக்கி, கேள்வியைச் சொல்லுவார்கள். ஒரு சின்னக் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அம்மன் சொல்லாததைத் தெரிந்துகொள்ள நாம் யார்? அதை அப்படியே வாய்க்காலில் விட்டுவிடுவார்கள். இதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

வழக்கமாகப் பொட்டலம் கட்டுவது பூசாரி. அவருக்கு அந்த வருடம் கண்ணில் திரை விழுந்திருந்தது. "நீங்களே கட்டிருங்க, எனக்கு வெள்ளையும் செவப்பும் ஒண்ணாத் தெரியுது" என்று பூக்கூடையை என்னிடம் தள்ளினார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். நந்தியாவட்டையைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்றைக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் மரியாதையாக நினைத்திருப்பேன். மிஞ்சிய நந்தியாவட்டையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன்.

விற்கலாமா என்று கேட்பார்கள், சிவப்பு வரும், விற்க வேண்டாம் என்று ஆகிவிடும், கார் நம்மிடமே இருக்கும், கொஞ்ச நாள் போனால் நான் ஓட்டலாம். இதுதான் என் கணக்கு. கேள்வியை அம்மா கேட்பாள் என்பது தெரியும். எப்படிக் கேட்பாள் என்று நான் யோசிக்கவில்லை. அம்மா கையைக் குவித்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்:

"தாயே, எம்மவனக் கொண்டுட்டுப் போன இந்த வண்டி இனி எங்க வாசலத் தாண்டலாமா? தாண்டலாம்னா வெள்ளையக் குடு. கூடாதுன்னா செவப்பக் குடு."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் மகள் பொட்டலத்தை எடுத்துவிட்டாள். பூசாரி பிரித்தார். குழந்தை சிவப்பைப் பார்த்ததும் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தது. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக அதற்குப் பட்டிருக்க வேண்டும், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நங்கையின் கால்களுக்கு நடுவே போய் ஒளிந்துகொண்டது. அடுத்த பொட்டலம் வாய்க்காலில் மிதந்து போனது. திருச்செங்கோட்டுக்காரர் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. விற்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். திட்டுவார்கள், அடித்தால்கூட அடிப்பார்கள், அம்மனுக்கு ஒரு பொங்கல் வைத்து மன்னிப்புக் கேட்டால் முடிந்துபோயிருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். ஒரு வாரம் தள்ளிய பொய் இறுகிவிடும், பிறகு உடைக்க வராது. என்னால் முடிந்தது ஒன்றுதான். வண்டிக் கொட்டகைக்குள் காரை நிறுத்தி, வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்து, கைப்பிடியைச் சுற்றி என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். "ஓடாத வண்டிக்கு எதுக்குடா ஒப்பாரி?" என்று அம்மா திட்டுவாள். "மிஷினு கெட்டுப் போயிருமுங்கம்மா" என்பேன். யுத்தம் ஆரம்பித்துப் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகும் ஒரு டின்னைச் சாக்குக்குள் சுற்றிப் பதுக்கி வைத்திருந்தேன்.

குழந்தைக்கு ஏழு வயது நடக்கும்போது, ஐப்பசியில், காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் கஷாயம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை மூச்சு விடும்போது அரம் தேய்க்கிற மாதிரி சத்தம் கேட்டது. வேலூர் வைத்தியர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். தொண்டையில் வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. "இது என் கையில இல்லீங்க. நாமக்கல் ஆசுபத்திரியில இதுக்கு ஊசி இருக்குது. உச்சிப்பொழுதுக்குள்ள போயிட்டீங்கன்னா பொழைக்க வெச்சிருவாங்க" என்றார். நாமக்கல் பன்னிரண்டு மைல். கரி போட்டு ஓட்டுகிற பஸ் ஒன்று காலையில் போய்விட்டது, அடுத்தது சாயங்காலம். மாட்டுவண்டியில் நாலு மணி நேரம். காரில் அரைமணி.

நான் யாரையும் கேட்கவில்லை. டின்னை எடுத்து ஊற்றினேன். மூன்றாவது சுற்றில் என்ஜின் பிடித்துக்கொண்டது. கொட்டகையிலிருந்து ஓட்டி வந்து வாசற்கதவுக்கு ஒரு முழம் உள்ளே நிறுத்தினேன். அம்மா கதவுக்கு நடுவில் நின்றுகொண்டாள். அம்மாவைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம், அதற்கு எனக்குத் தெம்பு இருந்தது. ஆனால் நங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, காரிலிருந்து நாலடி தள்ளியே நின்றுவிட்டார்.

"ஏறுங்க" என்றேன்.

"வேண்டாமுங்க" என்றார். "அவங்கப்பனத்தான் கொண்டுட்டுப் போச்சு. அம்மன் தாண்டக் கூடாதுன்னு சொன்னதுக்கு அப்பறம் இவளையும் இதுல ஏத்தச் சொல்றீங்களா? இவளே அவ கையால எடுத்துக் குடுத்த வாக்குங்க அது. மாட்டு வண்டியப் பூட்டுங்க, கும்படறேன்."

ஒரே ஒரு வார்த்தை போதும். பொட்டலம் இரண்டிலும் சிவப்புதான், நான்தான் வைத்தேன் என்று சொன்னால் நங்கை ஏறிவிடுவார். அது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏன் சொல்லவில்லை? காரில் ஏற்றுவதற்காக இப்போது புளுகுகிறான் என்று நினைப்பார்கள் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். அம்மனை ஏமாற்றியவன் ஓட்டினால் ஒருவேளை உண்மையிலேயே வழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்றும் பயந்தேன். இரண்டுக்கும் கீழே இருந்தது வெட்கம். என்னைச் சாமிக்குப் பயந்த பிள்ளை என்று நம்பிய இரண்டு பெண்கள் முன்னால், அது போய்விடுமே என்கிற வெட்கம். ஒரு குழந்தையின் மூச்சுக்கு எதிராக நான் தராசில் வைத்தது அதைத்தான். காரிலிருந்து இறங்கினேன். ஓடிப்போய்த் தெருவில் நின்ற வண்டியில் மாட்டைப் பூட்டினேன். என்ஜினை நிறுத்த மறந்துவிட்டேன்.

மழை பெய்த மண் ரோடு. வண்டிப் பாதை முழுக்கச் சேறு. மாட்டை அடித்த அடிக்கு என் தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது. பரமத்தி தாண்டிய பிறகு குழந்தை கண்ணைத் திறந்து என்னைக் கூப்பிட்டது. குரல் இல்லை, காற்றுதான் வந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நாஞ் செவப்பு எடுத்துட்டதுனாலதான் காரு வல்லீங்களா சித்தப்பா?"

"இல்ல அம்மிணி. உம்மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். அவள் நம்பினாளா தெரியவில்லை. நாமக்கல் மலை கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த பிறகு, இன்னும் இரண்டு மைல் இருக்கும்போது, அந்தச் சத்தம் நின்றது. நங்கை வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை. ஆசுபத்திரி வரைக்கும் போனோம். அங்கே இருந்த டாக்டர் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்.

திரும்பி வந்தபோது கார் நான் விட்ட இடத்திலேயே, மூக்கு வாசற்கதவைப் பார்த்தபடி நின்றிருந்தது. எண்ணெய் தீரும்வரை ஓடி அதுவாகவே நின்றதாம். தொட யாருக்கும் துணிவில்லை. கொட்டகைக்குத் தள்ளிப்போக ஆள் கூப்பிட்டேன், வரவில்லை. பாடை கதவு வழியே போக முடியாமல் பக்கச் சுவரில் நாலு முழம் இடித்து வழி செய்தோம். அந்த இடிந்த வழியே பிறகு எங்கள் வாசலாயிற்று.

அதற்குப் பிறகு நான் காரைத் துடைக்கவில்லை. மக்கட்டும் என்று விட்டேன். முதலில் டயர்கள் காற்றிறங்கி, வெடித்து, வண்டி மண்ணில் உட்கார்ந்தது. துணிக்கூரை இரண்டு ஆடிக்காற்றுக்குத் தாங்கியது, மூன்றாவதில் கிழிந்து கம்பி மட்டும் நின்றது. கரும்பச்சை வெளுத்து, செதிள் செதிளாக உரிந்து, உள்ளேயிருந்து துரு வந்தது. தோல் இருக்கையை எலி குடைந்து குட்டி போட்டது. அண்ணன் உட்கார்ந்த பக்கத்தில் கோழி அடைகாத்தது. மிதிபலகை இற்று விழுந்த இடத்தில் ஊமத்தை முளைத்தது. யுத்த காலத்தில் இரும்பு கேட்டு ஆட்கள் தெருத்தெருவாக வந்தார்கள். உடைந்த ஏர்க்கொழுவைக் கூட விடாமல் எடுத்துக்கொண்டு போனவர்கள், எங்கள் காரைப் பற்றிக் கேள்விப்பட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு போல்ட்டைக் கழற்றக்கூட ஒரு திருடன் வரவில்லை. திருடன் வந்தால் நன்றாயிருக்கும் என்று நான் தினமும் நினைத்தேன்.

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. யாரோ ஒருத்தி வேண்டுதல் வைத்து, காரின் விளக்கில் மஞ்சள் துணி கட்டிவிட்டுப் போனாள். அவள் வேண்டியது பலித்ததாம். பிறகு துணிகள் பெருகின. குங்குமம் வைத்தார்கள், எலுமிச்சம்பழம் குத்தினார்கள். துருப்பிடித்த கதவில் விபூதிப் பட்டை. அம்மா சாகிற வரைக்கும் அதற்கு ஆடி மாதம் கூழ் ஊற்றினாள். நான் கட்டிய இரண்டு பொட்டலத்தை ஊரே சுற்றி வந்து கும்பிட்டது. எனக்குச் சிரிப்பு வரவேண்டும், வரவில்லை.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அம்மாவும் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் நங்கையும் நானும்தான். யுத்தம் முடிந்து ஒரு வருடம் இருக்கும், சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக் எங்கள் தோட்டத்து எண்ணெய் என்ஜினைப் பார்க்க வந்தார். போகும்போது காரின் முன்மூடியை நெம்பித் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே குளவிக்கூடு. "அநியாயமுங்க" என்றார். "இந்த மாதிரி மிஷினு இந்த ஜில்லாவுல நான் பாத்ததில்ல. நல்லாத்தானே இருந்திருக்குது, ஏனுங்க இப்பிடிப் போட்டீங்க?" உள்ளேயிருந்து நங்கைதான் அம்மன் கதையைச் சொல்லி அனுப்பி வைத்தார்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டுவிட்டு, வழக்கமில்லாமல் எதிரில் உட்கார்ந்தார். குழந்தை போன பிறகு அந்த நாளைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"உங்ககிட்டச் சொல்லோணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேனுங்க. அன்னிக்கு நீங்க காரை ஓட்டிட்டு வந்து நின்னப்போ, என்னையக் கையப் புடிச்சு இழுத்து ஏத்தியிருந்தா நான் ஏறியிருப்பேன். நீங்க எறங்கிட்டீங்க. போற உசுரு எப்பிடியும் போயிருக்கும். ஆனா அதுல போயிருந்தா, வாக்க மீறுனதுனாலதான் போச்சுன்னு ஆயுசுக்கும் நெனச்சிட்டிருப்பேன். அந்தப் பாவம் எனக்கு இல்லாம வெச்சீங்க. நீங்க நல்லா இருக்கோணும்."

மோர் ஊற்றட்டுமா என்று கேட்டார். ஊற்றுங்கள் என்றேன். அதற்குப் பிறகு பதினொரு வருடம், அவர் கண் மூடும்வரைக்கும், அவர் கையால்தான் சாப்பிட்டேன். நான் சொல்லவில்லை.